சிவப்பாக ஒளிரும் சிலிக்கன் நானோ துகள்கள்: பயன்படுத்திப் பார்த்த பிறகு

செல்களைப் படமெடுக்கச் சிலிக்கன் குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் படிகத் துகள்) வாங்கலாமா என்று ஆராய்ச்சி மாணவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சிவப்பில் ஒளிர்வதை வாங்கலாம். நீலத்தில் ஒளிர்வதை வாங்க வேண்டாம். மருந்தையும் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நுண்துளைச் சிலிக்கன் (நுண்ணிய துளைகள் நிறைந்த சிலிக்கன்) பக்கம் போங்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளைப் பற்றி விற்பனைத் தாள்களில் இருக்கும் தகவல் வேறு, இருட்டறையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் தெரியவரும் தகவல் வேறு.

நான் சென்னையில் ஒரு புற்றுநோய் உயிரியல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சாயங்கள், காட்மியம் குவாண்டம் டாட்கள், ஒளிரும் புரதங்கள் என்று பலதையும் கையாண்ட பிறகுதான் சிலிக்கனுக்கு வந்தேன். நாங்கள் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று வகை. தண்ணீரில் கலந்து வந்த சிவப்புக் குப்பி ஒன்று. நீலத்தில் ஒளிரும் குப்பி ஒன்று. மூன்றாவது, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் வேதியியல் நண்பர்கள் வேஃபரிலிருந்து, அதாவது சிலிக்கன் தகட்டிலிருந்து, செய்து கொடுத்த நுண்துளைத் துகள்கள். விற்ற நிறுவனங்களின் பெயர் இங்கே வராது. எந்த நிறுவனம் என்பதைவிட எந்த வகை, எந்த முறையில் செய்தது என்பதே இதில் பெரிய விஷயம்.

சிலிக்கன் ஒளிரும் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்த ஆச்சரியம் நியாயமானதுதான். கணினிச் சில்லில் இருக்கும் சிலிக்கன் ஒளியை உமிழ்வதில் படு மோசம். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய படி, 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதுவும் நேரடியான இடைவெளி கிடையாது, அதனால் எலக்ட்ரான் கீழே இறங்கும்போது பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடும். துகளை 5 நானோமீட்டருக்குக் கீழே சுருக்கினால் கதை மாறுகிறது. எலக்ட்ரானுக்கு உலாவ இடமில்லாமல் போகிறது, இடைவெளி விரிகிறது, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி வருகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க அகச்சிவப்பிலிருந்து சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நகரும். நுண்துளைச் சிலிக்கனை 1956இலேயே பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஊலிரும் இங்கபோர்க் ஊலிரும் தற்செயலாகச் செய்துவிட்டார்கள். ஆனால் அது அறை வெப்பநிலையில் பளிச்சென்று சிவப்பாக ஒளிரும் என்பதையும், அதற்குக் காரணம் அளவுதான் என்பதையும் 1990இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் லீ கான்ஹம்தான் சொன்னார். உடலுக்குள் இந்தப் பொருள் கரையும், எலும்புத் தாது அதன்மேல் படியும் என்று 1995இல் காட்டியவரும் அவரே. மருத்துவத்துக்குள் சிலிக்கன் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

சரி, குப்பிக்கு வருவோம்.

சிவப்புக் குப்பி நன்றாகவே கட்டப்பட்டு வந்தது. பழுப்புக் கண்ணாடி, ஆர்கான் நிரப்பி மூடிய மூடி, குளிர் பொதி. உள்ளே இருக்கும் திரவம் பார்க்க மங்கிய தேநீர் நிறம், வெறும் கண்ணுக்கு அதில் எந்த விசேஷமும் இல்லை. 365 நானோமீட்டர் யு.வி. டார்ச்சை அடித்தவுடன் குப்பி முழுக்கச் செங்கல் சிவப்பு எரிந்தது. எத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தாலும் அந்த முதல் பார்வை எனக்குச் சலிப்பதில்லை. மணலிலிருந்து எடுக்கும் ஒரு தனிமம், காட்மியம் இல்லை, ஈயம் இல்லை, இப்படி எரிகிறதே என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

விலை? நல்ல ஆன்டிபாடிக் குப்பி ஒன்றைவிடக் கூடுதல். இது மலிவாக வராததற்குக் காரணம் இருக்கிறது. தரமான சிவப்புச் சிலிக்கன் டாட் செய்யும் வழிகள் எல்லாமே கடினமானவை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் வெய்னோ குழு செய்யும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சில்செஸ்குவியாக்சேன் என்ற பொருளை 1100 டிகிரி செல்சியஸ் உலையில் சுட்டு, கண்ணாடிக்குள் பொதிந்த சிலிக்கன் படிகங்களை வளர்த்து, பிறகு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கண்ணாடியைக் கரைத்துத் துகளை வெளியே எடுக்க வேண்டும். மின்னசோட்டாவில் ஊவே கோர்ட்ஸ்ஹாகன் குழு சிலேன் வாயுவைப் பிளாஸ்மாவுக்குள் விட்டுத் துகள் செய்கிறது. அந்த வழியில் 60 சதவீதத்துக்கு மேல் குவாண்டம் விளைவு (வாங்கிய ஒளியில் திருப்பிக் கொடுக்கும் பங்கு) கிடைக்கும் என்று 2006இலேயே காட்டினார்கள். பஃபலோவில் மார்க் ஸ்விஹார்ட் குழு லேசரால் சிலேனைச் சிதைக்கிறது. உலை, அமிலம், தீப்பிடிக்கும் வாயு, இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் நல்ல சிவப்பு வருவதில்லை. அதனால் விலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான குப்பிகள் டொலுவீனில்தான் வரும். துகளின் மேல் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலியைக் கட்டியிருப்பார்கள், அது எண்ணெய் மாதிரி இருப்பதால் தண்ணீரில் போகாது. செல் வேலைக்கு அதை வாங்கினால் நீங்களே ஃபாஸ்ஃபோலிப்பிட் மைசெலுக்குள் (கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நுண்ணிய உருண்டை) பொதிந்து, டொலுவீன் துளிகூட மிஞ்சாமல் நீக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் தண்ணீரில் கலந்த, பி.இ.ஜி. (தண்ணீரோடு ஒத்துப்போகும் பாலிமர்) பூச்சுள்ள வகையையே கேளுங்கள். தண்ணீர் வகையில் ஒளிர்வு கொஞ்சம் குறைவுதான், ஆனால் தீப்பிடிக்கும் பொருளுக்கான விமானச் சரக்குத் தாள்களும் கெடுபிடியும் இல்லாமல் வந்து சேரும்.

இப்போது முக்கியமான இடம். முதன்முதலில் ஹீலா செல்களுக்குள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) துகளைக் கொடுத்துவிட்டு, லேசரால் புள்ளி புள்ளியாகப் படமெடுக்கும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஓடிவந்தாள்.

“அக்கா, எல்லாம் கோடு கோடா வருது. லேசர் ஏதாச்சும் ஆயிடுச்சா?”

லேசருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலிக்கன் துகளின் குணமே அது. சாதாரணச் சாயம் ஒளியை வாங்கிய சில நானோ விநாடிக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். சிலிக்கன் பத்து, நூறு மைக்ரோ விநாடி வரை வைத்திருந்துதான் கொடுக்கும். பல ஆயிரம் மடங்கு மெதுவு. கான்ஃபோகலில் லேசர் ஒரு புள்ளியில் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடிதான் நிற்கும், பிறகு அடுத்த புள்ளிக்குப் போய்விடும். துகள் ஒளியைத் தரும்போது லேசர் எங்கோ போயிருக்கும், டிடெக்டர் அந்த ஒளியை அப்போது எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதன் கணக்கில் எழுதிவிடும். முன் நிறுத்தத்தில் ஏறியவர் தாமதமாகச் சில்லறை நீட்டினால், கண்டக்டர் அவரை அடுத்த ஸ்டேஜ் கணக்கில் சேர்த்துவிடுவதைப் போலத்தான். ஒரு சின்ன துகள் முப்பது, ஐம்பது புள்ளி நீளத்துக்கு வாலோடு தெரியும்.

புள்ளிக்கு 200 மைக்ரோ விநாடி என்று வேகத்தைக் குறைத்தால் வால் குறையும். அப்போது 512க்கு 512 படம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். உயிருள்ள செல்லில் அதற்குள் லைசோசோம் (துகள் போய்த் தங்கும் செரிமானப் பை) நகர்ந்துவிடும். அதனால் என் கருத்து உறுதியானது: புள்ளி புள்ளியாக ஓடும் கான்ஃபோகல் இந்தப் பொருளுக்கு ஏற்ற கருவி கிடையாது. கேமரா வைத்து முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் எடுக்கும் சாதாரண வைட்ஃபீல்டு மைக்ராஸ்கோப்பே போதும், இன்னும் சொன்னால் அதுவே சிறந்தது. விற்பனைத் தாளில் ‘கான்ஃபோகலுக்கு உகந்தது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை எழுதியவர் ஒருமுறையாவது கான்ஃபோகலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லை. ஒரு மாணவருக்கு வாரக்கணக்கில் வேலை வீணாகும் விஷயம் இது.

பிரகாசத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலிக்கன் துகள் ஒரு ஒளித்துகளை (ஃபோட்டான்) கொடுத்த பிறகுதான் அடுத்ததற்குத் தயாராகும். ஒளிர்வு ஆயுள், அதாவது ஒளியை வைத்திருக்கும் நேரம், 100 மைக்ரோ விநாடி என்றால், எவ்வளவு பலமாக லேசரை அடித்தாலும் ஒரு துகளிடமிருந்து விநாடிக்குப் பத்தாயிரம் ஒளித்துகளுக்கு மேல் வராது. நானோ விநாடிச் சாயத்துக்கு அந்த வரம்பு கோடிக்கணக்கில் இருக்கிறது. அதனால் ஒற்றை மூலக்கூறைப் பின்தொடரும் வேலைக்குச் சிலிக்கனை நினைக்கவே வேண்டாம். லேசர் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் செல்தான் சாகும். போதாததற்கு இந்தத் துகள் நன்றாக ஒளியை வாங்குவது யு.வி.யிலும் ஊதாவிலும்தான். 405 நானோமீட்டர் லேசர் சரி, 488இல் வைத்தால் மங்கல். உமிழும் நிறமும் அகலமானது, 100 நானோமீட்டருக்கு மேல் பரந்துகிடக்கும். காட்மியம் டாட் 30 நானோமீட்டர் அகலத்தில் கூர்மையாக ஒளிரும், ஐந்தாறு நிறங்களை ஒரே படத்தில் அடுக்கலாம். சிலிக்கனில் அந்த வசதி இல்லை.

பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன்? படத்தைக் கெடுத்த அந்த மெதுவான குணத்துக்காகவேதான்.

திசுவைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும், நாம் வைத்த சாயத்தோடு திசுவும் தானாக ஒளிரும். ஃப்ளேவின், கொலாஜன், வயதான செல்லில் தேங்கும் லிப்போஃபியூசின், எல்லாம் சேர்ந்து பின்புலத்தை வெளுப்பாக்கிவிடும். ஆனால் அவை எல்லாமே பத்து நானோ விநாடிக்குள் பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கை ஒரு துடிப்பு அடித்து நிறுத்தி, சில மைக்ரோ விநாடி காத்திருந்து, அதற்குப் பிறகு கேமராவைத் திறந்தால் திசுவின் சொந்த ஒளி போயிருக்கும், சிலிக்கன் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். சான் டியேகோவில் மைக்கேல் செய்லர் குழு 2013இல் எலிகளில் இதைச் செய்து காட்டியது. நாங்கள் இயற்பியல் துறையிலிருந்து கேட்டட் கேமரா (குறித்த தாமதத்துக்குப் பிறகு திறக்கும் கேமரா) ஒன்றைக் கடனாக வாங்கி, துடிப்பு எல்.இ.டி.யோடு இணைத்துப் பார்த்தோம். கல்லீரல் திசுத் துண்டு ஒன்றில், சாதாரணப் படத்தில் எங்கே துகள், எங்கே லிப்போஃபியூசின் என்று பிரிக்கவே முடியவில்லை. கேமராவைத் தாமதமாகத் திறந்த படத்தில் பின்னணி கருப்பு, அதில் துகள்கள் மட்டும். நான் இந்த வேலையில் பார்த்த மிகச் சுத்தமான படங்களில் அதுவும் ஒன்று. அந்த ஒரு படத்துக்காகவே குப்பியின் விலை தகும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நல்ல குணம், எளிதில் வெளுக்காது. சாயங்கள் மங்கிப்போகும் அளவு நேரம் விளக்கடியில் வைத்தும் எங்கள் துகள் பெரிதாகக் குறையவில்லை. ஒளிர்வு 650 முதல் 900 நானோமீட்டர் வரையான பகுதியில் வருவதும் வசதி. அதற்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும், அதற்கு மேலே தண்ணீர் விழுங்கத் தொடங்கும். இடையில் இருக்கும் அந்தச் சன்னல் வழியாகத்தான் உடலுக்குள்ளிருந்து ஒளி ஓரளவு வெளியே வர முடியும். ஒரே குறை, உள்ளே அனுப்ப வேண்டிய ஊதா ஒளி அந்தச் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஆழமான திசுவுக்கு இது இன்னும் விடை ஆகவில்லை, தோலுக்கு அருகிலும் திசுத் துண்டுகளிலும் அருமை.

நீலக் குப்பியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். விலை குறைவு, தண்ணீரில் அழகாகக் கரைந்திருக்கிறது, பளீரென்ற நீலம். இந்த வகையை அமினோ சிலேன் ஒன்றையும் சிட்ரேட் மாதிரி ஏதாவது ஒரு பொருளையும் மைக்ரோவேவில் சூடாக்கியோ வேறு வழியிலோ சில நிமிடங்களில் செய்துவிடலாம். ஒளிர்வு ஆயுளை அளந்தோம். சில நானோ விநாடிதான். சிலிக்கனின் மெதுவான குணமே அதில் இல்லை. விற்றவர்களுக்கு எழுதி, உள்ளே இருப்பது படிகச் சிலிக்கன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் அனுப்பினார்கள், அதில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, படிகத் தளங்கள் தெரியவில்லை. அதற்கு மேல் பதில் வரவில்லை.

நீல ஒளி எங்கிருந்து வருகிறது என்பது இந்தத் துறையில் பழைய வழக்கு. மிதா தாசோக்கும் வெய்னோவும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பாக ஒளிரும் துகளின் மேல் கொஞ்சம் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறினாலே ஒளிர்வு நீலத்துக்கு மாறிவிடும் என்று காட்டினார்கள். அப்படியானால் அந்த நீலம் துகளின் அளவால் வருவது ஆகாது, மேற்பரப்பில் ஒட்டியதால் வருவது. அமினோ சிலேனையும் கரிமப் பொருளையும் சேர்த்துச் சூடாக்கினால் கார்பன் சார்ந்த ஒளிரும் பொருளும் உருவாகக்கூடும் என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. நீலக் குப்பிகள் எல்லாமே போலி என்று நான் சொல்லவில்லை. செல்லுக்கு நிறம் கொடுக்க மட்டும் வேண்டும் என்றால் அது வேலை செய்யும். ஆனால் ‘சிலிக்கன்’ என்ற பெயரை நம்பி, கரைந்து போகும், மெதுவாக ஒளிரும் என்று எண்ணி நீங்கள் ஆய்வை வடிவமைத்தால், அடித்தளமே இருக்காது. ஒரு மாணவரின் மூன்றாண்டு வேலை அதன்மேல் நிற்கும் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

கரைவதைப் பற்றிச் சொன்னேன். சிலிக்கனை மருத்துவத்துக்கு எடுப்பதன் உயிர்நாடி அதுதான். தண்ணீரோடு சேர்ந்து சிலிக்கன் துகள் ஆர்த்தோசிலிசிக் அமிலமாக மாறும். நாம் சாப்பிடும் தானியத்திலும் குடிக்கும் தண்ணீரிலும் இருக்கும் அதே பொருள், சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். காட்மியம் செலினைடு டாட்டில் நேர்மாறு. காற்றும் யு.வி.யும் பட்டால் அதிலிருந்து காட்மியம் அயனி கசிந்து கல்லீரல் செல்லைக் கொல்லும் என்று 2004இல் சங்கீதா பாட்டியா குழு காட்டியது. துத்தநாக சல்ஃபைடு உறை போட்டால் கசிவு குறையும், நிற்காது. 2007இல் வந்த இன்னொரு ஆய்வு, 5.5 நானோமீட்டருக்குக் குறைவான துகளைத்தான் சிறுநீரகம் அப்படியே வடிகட்டி வெளியேற்றும் என்று சொன்னது. பூச்சு, ஆன்டிபாடி எல்லாம் சேர்த்து அந்த அளவுக்குள் அடக்குவது மிகக் கடினம். பெரிய துகளாக உள்ளே போய், வேலை முடிந்ததும் கரைந்து சிறிதாகிப் போய்விடும் பொருள் வேண்டும். சிலிக்கன் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

கரையும் பொருளுக்கு உரிய சங்கடங்களும் உண்டு. பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில், 37 டிகிரியில், பூச்சில்லாத நுண்துளைத் துகளின் ஒளிர்வு மணிக்கணக்கில் மறைந்துவிடும். காரத்தன்மை கூடினால் இன்னும் வேகம். கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், ஆகவே பூச்சில்லாத துகளைத் தண்ணீரில் போட்டு மூடியை இறுக்கித் திருகி வைக்காதீர்கள். எத்தனாலில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் கரைசலுக்கு மாற்றுவது நல்லது. படமெடுக்கும் அட்டவணையையும் இந்த வேகத்தை வைத்துத்தான் போட வேண்டும். காலையில் கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று போனால், ஒளி இருக்காது. அது கழிவா, கரைவா, செல் வெளியே தள்ளியதா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அதற்குச் சிலிக்கன் அளவைத் தனியாக ஐ.சி.பி. என்ற தனிம அளவீட்டுக் கருவியில் அளந்தே ஆக வேண்டும்.

மருந்து ஏற்றுவதில் எங்கள் அனுபவம் மூன்றாவது வகையோடு. 3 நானோமீட்டர் திடத் துகளுக்குள் மருந்துக்கு இடமே கிடையாது, மேற்பரப்பில் கட்டுவதோடு சரி. நுண்துளைச் சிலிக்கனில் கதை வேறு. வேஃபரை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த தொட்டியில் மின்சாரம் செலுத்தி அரித்து, படலத்தை உரித்து, சோனிகேட்டரில் (மீயொலியால் உடைக்கும் கருவி) இரவு முழுக்க உடைத்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்தால் நூற்றுச் சொச்சம் நானோமீட்டர் துகள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் துளைகளால் நிறைந்தது. அப்போது அது சரியாக ஒளிராது. இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவிட்டால் மேற்பரப்பு மெல்ல ஆக்சைடாகி, சிவப்பு எழும்பும். வெண்காரக் கரைசலில் இதை வெகு சீக்கிரம் செய்யலாம். இந்த முறை 2009இல் செய்லர், பாட்டியா, எர்க்கி ருஒஸ்லாட்டி ஆகியோரோடு ஜி-ஹோ பார்க் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வருவது. உடலில் கரையக்கூடிய, ஒளிரக்கூடிய, மருந்து சுமக்கக்கூடிய துகளை உயிருள்ள எலியில் காட்டிய கட்டுரை அது. டெக்ஸ்ட்ரான் பூச்சு போட்டு எலிக்குள் செலுத்தியபோது கட்டியில் சேர்வதைப் படமெடுத்தார்கள், நான்கு வாரத்துக்குள் உடலிலிருந்து சிலிக்கன் போய்விட்டது.

அந்த வேதியியல் நண்பர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமலேயே உள்ளே இறங்கி எலும்புக் கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அவர்கள் அந்தத் தொட்டியைத் திறப்பதே இல்லை. பழக்கமில்லாத உயிரியல் ஆய்வகம் எதுவும் இதைச் சொந்தமாகத் தொடங்கக் கூடாது. செய்து கொடுக்கத் தெரிந்தவர்களோடு கூட்டுச் சேருங்கள்.

டாக்சோரூபிசினை ஏற்றினோம். இந்த மருந்து புற்றுநோய்க்கு எவ்வளவு நல்லதோ இதயத்துக்கு அவ்வளவு ஆபத்து. ஒருவர் வாழ்நாளில் வாங்கக்கூடிய மொத்த அளவுக்கே, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. மருந்தைக் கட்டிக்குள் மட்டும் கொண்டுபோய் இறக்கும் ஒரு வண்டி கிடைத்தால் அந்த வரம்பின் அர்த்தமே மாறிவிடும். இதற்காகத்தான் உலகெங்கும் இத்தனை பேர் உழைக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு சிக்கல் வரும்: டாக்சோரூபிசினும் சிவப்பாக ஒளிரும். 590 நானோமீட்டர் பக்கத்தில் தொடங்கி அதன் வால் சிலிக்கனின் பகுதிக்குள் நீளும். வண்டி எது, சரக்கு எது என்று நிறத்தால் பிரிக்க முடியாது. இங்கேயும் நேரம்தான் கைகொடுத்தது. மருந்தின் ஒளி ஒரு நானோ விநாடியில் முடிந்துவிடுகிறது, துகளின் ஒளி மைக்ரோ விநாடிக்குப் போகிறது. உடனே எடுத்த படத்தில் இரண்டும், தாமதமாக எடுத்ததில் வண்டி மட்டும். மருந்து துகளைவிட்டு நீங்கி உட்கருவுக்குப் போனதையும், துகள் வெளியே லைசோசோமிலேயே நின்றதையும் தனித்தனியாகக் காண முடிந்தது. வேறெந்த ஒளிரும் வண்டியிலும் இதை இவ்வளவு நேரடியாக நான் பார்த்ததில்லை.

ஒளி படும்போது சிலிக்கன் அருகிலிருக்கும் ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கொடுத்து, செல்லைத் தாக்கும் சிங்க்லெட் ஆக்சிஜனை உண்டாக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நீண்ட நேரம் விளக்கடியில் வைத்த செல் செத்தால் பழியை மருந்தின் மேல் போட்டுவிட வேண்டாம். துகள் மட்டும் கொடுத்து விளக்கடித்த ஒரு தட்டு, மருந்து மட்டும் கொடுத்த ஒரு தட்டு, இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வருவது. செய்தித் துணுக்கைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகச் சொல்கிறேன்: இந்த ஒளிரும் சிலிக்கன் துகள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக எந்த மருத்துவமனையிலும் இல்லை. குப்பியின் மேலேயே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று இருக்கும். பாதுகாப்புப் பற்றிய தகவலும் முழுமையாகவில்லை. 2013இல் பஃபலோ குழுவும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து, எலிகளுக்கும் ரீசஸ் குரங்குகளுக்கும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்குகளில் பாதிப்பு தெரியவில்லை. எலிகளின் கல்லீரலில் மாற்றங்கள் இருந்தன, பல வாரங்களுக்குப் பிறகும் சிலிக்கன் அங்கே தங்கியிருந்தது. செய்லர் குழுவின் நுண்துளைத் துகள் நான்கு வாரத்தில் போனது, பஃபலோவின் திடத் துகள் போகவில்லை. எப்படிச் செய்தது, மேலே என்ன பூச்சு என்பதைப் பொறுத்து ‘கரையும்’ என்ற வாக்குறுதியே மாறுகிறது. இதைச் சொல்லாமல் ‘சிலிக்கன் பாதுகாப்பானது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

மனிதரிடம் போயிருப்பது இதன் உறவுக்காரப் பொருள், சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உல்ரிச் வீஸ்னர் குழு சாயத்தைச் சிலிக்காவுக்குள் அடைத்துச் செய்த ‘சி டாட்’ துகள்களை மனிதரில் சோதிக்க 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் மிஷெல் பிராட்பரி தலைமையில் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2014இல் வெளிவந்தது. துகளின் அளவு ஆறேழு நானோமீட்டர், சிறுநீரகம் வழியாக வெளியேறியது. அங்கே ஒளிர்வது உள்ளே அடைத்த சாயம், சிலிக்கா வெறும் உறை. மெதுவான ஒளிர்வு அதில் இல்லை. ஆனால் மருத்துவத்துக்குப் போகும் பாதையில் அது வெகுதூரம் முன்னால் இருக்கிறது, உங்கள் நோக்கம் அறுவைச் சிகிச்சை அறையென்றால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆர்டர் போடும் முன் நான்கு தகவல் கேளுங்கள். ஒளிர்வு ஆயுள் எவ்வளவு, அதன் வரைபடம் எங்கே. எக்ஸ்.பி.எஸ். அளவீட்டில் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பின் தனிமங்களை அறியும் முறை) 99 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் தனிமச் சிலிக்கனின் முகடு இருக்கிறதா, அல்லது 103 பக்கத்தில் ஆக்சைடு மட்டும்தானா. உயர்தெளிவு எலக்ட்ரான் படத்தில் 0.31 நானோமீட்டர் படிகத் தளம் தெரிகிறதா. செல் வளர்க்கும் உங்கள் மீடியா திரவத்தில், 37 டிகிரியில், எவ்வளவு நேரம் ஒளிர்வு தாங்கும். இவற்றில் முதல் கேள்விக்கே பதில் வராத நிறுவனத்திடம் நான் இனி வாங்குவதில்லை.

வந்த குப்பியை 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள். திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆர்கான் ஊதிவிட்டு மூடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே டார்ச், அதே கேமரா அமைப்பில் ஒரு படமும், முடிந்தால் ஒரு நிறமாலையும் எடுத்து வைத்தால் ஆக்சிஜன் ஏறி ஒளிர்வின் முகடு நீலப் பக்கம் நகர்வது முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்களுடையது சில மாதங்களில் லேசாக நகர்ந்தது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. சிவப்புக் குப்பி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்ததற்கு ஆர்டர் போட்டிருக்கிறோம், இந்த முறை முகடு 750 நானோமீட்டருக்கு மேல் இருக்கும் வகை, தண்ணீரில். கேட்டட் கேமராவை இயற்பியல் துறை திருப்பிக் கேட்கும் முன் அது வந்து சேர்ந்தால், கட்டித் திசுவில் டாக்சோரூபிசின் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.